அப்பாவுக்கு வரும் நிராகரிப்புக் கடிதங்கள்

எனக்கு இருப்பது ஒரு பெயர், அதற்கு முன்னால் ஓர் இனிஷியல். பள்ளிச் சான்றிதழிலிருந்து பி.காம். பட்டம் வரை அப்படித்தான் அச்சாகியிருக்கிறது. வேலைக்கு விண்ணப்பிக்கும் இணையப் படிவங்களுக்கு அது போதவில்லை. 'லாஸ்ட் நேம்' என்று ஒரு கட்டம் இருக்கும், பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். காலியாக விட்டால் அடுத்த பக்கம் திறக்காது. இனிஷியலை மட்டும் போட்டால் 'குறைந்தது இரண்டு எழுத்துகள் வேண்டும்' என்று கோபித்துக்கொள்ளும். புள்ளி வைத்தால் 'சிறப்புக் குறியீடுகளுக்கு அனுமதியில்லை' என்று சொல்லும். பெயருக்குப் பின்னால் தொங்கும் சாதிப் பட்டங்களைக் கழற்றிப் போட வேண்டும் என்று 1929இல் செங்கல்பட்டுச் சுயமரியாதை மாநாட்டிலேயே முடிவெடுத்தாயிற்று. கிட்டத்தட்ட நூறு ஆண்டுகள் கழித்து, எங்கோ உட்கார்ந்து படிவம் தயாரித்த ஒருவர் 'வால் எங்கே?' என்று கேட்கிறார்.

வேறு வழியில்லாமல் எல்லோரும் செய்வதை நானும் செய்தேன். அந்தக் கட்டத்தில் அப்பாவின் பெயரைப் போட்டேன். என் பான் அட்டையிலும் அப்படித்தான் இருக்கிறது. அங்கேயும் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் இனிஷியலை ஏற்க மாட்டார்கள். இதனால் நிறுவனங்களிடமிருந்து வரும் மின்னஞ்சல்கள் எல்லாம் அப்பாவை விளித்துத் தொடங்குகின்றன. 'அன்புள்ள' என்று போட்டு அப்பாவின் பெயர். 'எங்கள் நிறுவனத்தின்மீது நீங்கள் காட்டிய ஆர்வத்துக்கு நன்றி. உங்கள் தகுதிகள் சிறப்பாக இருந்தபோதிலும்...' அந்த 'இருந்தபோதிலும்' வந்துவிட்டால் மீதியைப் படிக்கத் தேவையில்லை.

அப்பா கோவில்பட்டியில் தையல் கடை வைத்திருக்கிறார். ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது இந்த விஷயத்தைச் சொன்னேன். சோற்றைப் பிசைந்தபடியே கொஞ்சம் யோசித்தார். "நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து வைத்தேன் அம்மா. மூன்று வருடத்துக்கு ஒரு தடவை போய்ப் புதுப்பித்துக்கொண்டும் வந்தேன். ஒரு கடிதம் வந்ததில்லை. இத்தனை வருடம் கழித்து, வேலை இல்லை என்றாவது என் பேருக்கு எழுதிப் போடுகிறார்களே," என்றார். அம்மாவுக்குச் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று.

ஆனால் அப்பா நினைப்பதுபோல் எல்லோரும் எழுதிப் போடுவதில்லை. 'இல்லை' என்று சொல்லும் நாகரிகம் உள்ளவர்கள் சிலர்தான். மற்றவர்களுக்கு அனுப்பியதெல்லாம் கிணற்றில் போட்ட கல். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில், உள்ளே நுழைவதற்கே என்ன பாடு என்று சொல்ல வேண்டும்.

படிவம் தொடங்கும்போதே உங்கள் சுயவிவரத்தை ஏற்றச் சொல்லும். கணினியே அதைப் படித்து எல்லாக் கட்டங்களையும் நிரப்பிவிடும் என்று வாக்குக் கொடுக்கும். நிரப்பவும் செய்யும். நான் படித்தது மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் ஒரு கல்லூரியில். ஒரு படிவத்தில் 'முந்தைய மேலாளர்' என்ற கட்டத்தில் மனோன்மணியம் சுந்தரனார் என்று வந்து உட்கார்ந்திருந்தது. திருவனந்தபுரத்தில் தத்துவம் கற்பித்து, 1897இல் மறைந்துவிட்ட பேராசிரியர் அவர். என்னைப் பற்றி விசாரிப்பதற்காக அவருடைய கைப்பேசி எண்ணையும் படிவம் கட்டாயமாகக் கேட்டது. இன்னொரு தளம் என் தட்டச்சுத் தேர்வின் பெயரைப் பார்த்து, நான் 'டைப்ரைட்டிங் ஹையர்' என்ற நிறுவனத்தில் வேலை பார்த்ததாக முடிவு செய்துவிட்டது. ஆக, சுயவிவரத்தில் இருக்கும் ஒவ்வொரு வரியையும் அழித்துவிட்டு மறுபடி கையால் அடிக்க வேண்டும். ஏற்கெனவே அழகாக அடித்து, பி.டி.எஃப். ஆக்கி, அவர்கள் கையிலேயே கொடுத்துவிட்ட அதே வரிகளை.

பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் பட்டியலில் அமெரிக்காவின் மூலைமுடுக்குக் கல்லூரிகள் எல்லாம் இருக்கும், திருநெல்வேலி இருக்காது. 'மற்றவை' என்று போட வேண்டும். மதிப்பெண்ணை நான்குக்கு எத்தனை என்று கேட்கும். எங்கள் மார்க் ஷீட்டில் இருப்பது நூற்றுக்கு. பிறகு 'தற்போதைய ஆண்டுச் சம்பளம்'. இது புதியவர்களுக்கான வேலை, ஆனாலும் பூஜ்யம் என்று போட்டால் செல்லாது, ஒன்றிலிருந்து தொடங்க வேண்டுமாம். ஜெயலலிதா 1991இல் முதலமைச்சரானபோது மாதச் சம்பளமாக ஒரு ரூபாய் போதும் என்றார். நான் ஆண்டுக்கே ஒரு ரூபாய் வாங்குபவளாகச் சில நிறுவனங்களின் பதிவேட்டில் இருக்கிறேன். அடுத்து 'நோட்டீஸ் காலம்'. காகிதத்தில் வேலையே இல்லாதவள் எந்த வேலையை விட்டு எத்தனை நாளில் வருவாள்?

நிறுவனத்துக்கு நிறுவனம் தனிக் கணக்கு, தனிக் கடவுச்சொல். பெரிய எழுத்து ஒன்று, எண் ஒன்று, குறியீடு ஒன்று. எல்லாவற்றையும் அப்பாவின் பழைய அளவு நோட்டில் கடைசிப் பக்கங்களில் எழுதி வைத்திருக்கிறேன். முன்பக்கத்தைப் புரட்டினால் யாரோ ஒருவருடைய தோள், கை நீளம், இடுப்பு.

இவை எரிச்சல்கள்தான். நாலு பேரிடம் சொல்லிச் சிரித்துவிட்டால் போய்விடும். சிரித்தும் போகாத விஷயம் ஒன்று இருக்கிறது. அது அனுபவம்.

வேலைத் தளங்களில் 'ஃபிரெஷர்' என்று வடிகட்டித் தேடலாம். 'அனுபவம்: 0 முதல் 1 ஆண்டு' என்று பட்டியல் வரும். ஏதாவது ஒன்றைத் திறந்தால் உள்ளே நாலாவது வரியில் 'குறைந்தது 2 ஆண்டு அனுபவம் தேவை' என்று இருக்கும். அக்கவுன்ட்ஸ் அசிஸ்டென்ட் வேலை. சம்பளம் 12,000 முதல் 15,000 ரூபாய். டேலி தெரிய வேண்டும், ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் தாக்கல் செய்யத் தெரிய வேண்டும், டி.டி.எஸ். தெரிய வேண்டும், எக்செல் தெரிய வேண்டும், ஹிந்தி தெரிந்தால் நல்லது, சொந்தமாக இருசக்கர வாகனம் இருந்தால் முன்னுரிமை. இவ்வளவும் தெரிந்தவர் 12,000 ரூபாய்க்கு எதற்கு வருவார் என்று முதலில் நினைத்தேன். வருகிறார்கள். இரண்டு ஆண்டு வேலை பார்த்தவரும் வேலை இழந்து அதே பட்டியலில் நிற்கிறார். அவரும் நானும் ஒரே பொத்தானைத்தான் அழுத்துகிறோம். விளம்பரத்துக்கு 'ஃபிரெஷர்' என்று பெயர் வைப்பது சம்பளத்துக்காக மட்டும்தான் என்ற முடிவுக்கு நான் வந்து வெகுநாளாகிறது. புதியவருக்குரிய சம்பளம், பழையவருக்குரிய வேலை.

எனக்கு அனுபவமே இல்லையா என்றால், இருக்கிறது. கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கும்போதே சாயங்காலங்களில் ஊரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்துக்குப் போக ஆரம்பித்தேன். 2024இல் படிப்பு முடிந்ததிலிருந்து முழு நேரம். மளிகைக் கடை, பாத்திரக் கடை, கடலை மிட்டாய் செய்பவர்கள், தீப்பெட்டி வியாபாரிகள் என்று எல்லோருடைய பில்களும் எங்கள் மேஜைக்கு வரும். சிலர் ஃபைலில் கொண்டுவருவார்கள். பலர் மஞ்சள் பையில் கொட்டிக் கொண்டுவருவார்கள். மாதாமாதம் 11ஆம் தேதிக்குள் விற்பனைக் கணக்கான ஜி.எஸ்.டி.ஆர்-1, 20ஆம் தேதிக்குள் வரி கட்டும் 3பி. பத்தாம் தேதி இரவு எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் வீட்டு ஞாபகம் இருக்காது.

2025 செப்டம்பர் 22இல் ஜி.எஸ்.டி. வீதங்கள் மாறினவே, அந்த வாரம் நான் ஒரு மொத்த வியாபாரியின் கடையில் உட்கார்ந்து சரக்குப் பட்டியல் முழுவதற்கும் வீதத்தை மாற்றிக்கொண்டிருந்தேன். சோப்பு, ஷாம்பு, பற்பசை 18 சதவீதத்திலிருந்து 5. பாக்கெட்டில் அடைத்த காராச்சேவு 12இலிருந்து 5. கடைக்காரருக்கு ஒரே கவலை: "ஏற்கெனவே 18 கட்டி வாங்கிப் போட்டிருக்கிறேனே பாப்பா, அதையும் 5 போட்டா விற்பது?" விற்கிற தேதிதான் கணக்கு, வாங்கியபோது கட்டிய வரியை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம் என்று அவருக்குப் புரியவைக்க ஒரு பகல் ஆயிற்று. அவர் நம்பாமல் ஆடிட்டருக்கு போன் போட்டுக் கேட்டார். அவரும் அதையேதான் சொன்னார். கடைக்காரர் எனக்கு ஒரு பாக்கெட் காராச்சேவு கொடுத்தார், புது விலையில் பில் போட்டு.

இப்போது அந்த அனுபவத்தைப் படிவத்தில் எங்கே எழுதுவது? நிறுவனத்தின் பெயர், பணியாளர் எண், சேர்ந்த தேதி, கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, யு.ஏ.என். எனப்படும் 12 இலக்க பி.எஃப். எண். என் சம்பளம் முதல் தேதியன்று ஒரு பழைய தபால் உறையில் வரும். உறையின்மேல் வருமான வரி அலுவலகத்தின் முகவரி அச்சடித்திருக்கும். ஆடிட்டர் எதையும் வீணாக்குவதில்லை.

சென்னையிலிருந்து ஒரு ஹெச்.ஆர். பெண் பேசினார். அன்பாகத்தான் பேசினார். எங்கள் உரையாடல் ஏறக்குறைய இப்படிப் போனது:

"மேடம், பே ஸ்லிப் இருக்கிறதா?"

"இல்லை மேடம், கையில்தான் சம்பளம் தருகிறார்கள்."

"பி.எஃப். பிடிக்கிறார்களா?"

"இல்லை."

"அப்படியென்றால் உங்களை ஃபிரெஷர் என்றுதான் எடுத்துக்கொள்ள முடியும்."

"பரவாயில்லை மேடம், ஃபிரெஷர் வேலையே கொடுங்கள்."

"ஃபிரெஷரில் 2025 பேட்ச் மட்டும்தான் எடுக்கிறோம் மேடம். நீங்கள் 2024."

அனுபவசாலிகளின் கதவுக்கு நான் புதியவள், புதியவர்களின் கதவுக்குப் பழையவள். அந்தப் பெண்ணைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்கும் நிரப்புவதற்கு ஒரு திரை இருந்திருக்கும், அதிலும் சிவப்பு நட்சத்திரங்கள் இருந்திருக்கும்.

ஆனால் இது என் ஒருத்தியின் கதை இல்லை என்பது பிறகுதான் உறைத்தது. பி.எஃப். சட்டம் பொதுவாக 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடங்களுக்குத்தான் கட்டாயம். எங்கள் ஊர் மாதிரி ஓர் ஊரில் பி.காம். முடித்த பெண்ணுக்கு முதல் வேலை எங்கே கிடைக்கும்? ஆடிட்டர் அலுவலகம், நகைக்கடைக் கல்லா, டாக்டர் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கும் மேஜை, மொத்தக் கடையில் பில்லிங், பிள்ளைகள் குறைந்த ஒரு நர்சரி பள்ளியின் அலுவலகம். எதிலும் 20 பேர் கிடையாது. எங்கள் அலுவலகத்தில் ஆடிட்டரையும் தண்ணீர் கொண்டுவரும் அண்ணனையும் சேர்த்தாலே ஏழு பேர். ஆக, யு.ஏ.என். எண்ணை அனுபவத்துக்கு அடையாளமாக வைத்த அந்த நிமிடமே, சிற்றூர்களில் வேலை கற்றுக்கொண்டவர்கள் மொத்தமாக வெளியே போய்விடுகிறார்கள். யாரும் திட்டம் போட்டு எங்களைத் தள்ளவில்லை. கட்டத்தை வரைந்தவருக்கு நாங்கள் இருப்பதே தெரியாது.

நேர்காணல் வரை போன கதையும் ஒன்று உண்டு. ஒரு நிறுவனம் 'முதல் சுற்று நேர்காணலுக்குத் தேர்வாகியிருக்கிறீர்கள்' என்று இணைப்பு அனுப்பியது. அம்மா நல்ல சேலையை எடுத்துக் கொடுத்தார். தலை வாரி, பொட்டு வைத்து, இரவல் வாங்கிய மடிக்கணினிக்கு முன்னால் உட்கார்ந்தேன். திறந்தால் மறுபக்கத்தில் ஆளே இல்லை. திரையில் ஒரு கேள்வி வரும், யோசிக்க 30 விநாடி, பேச இரண்டு நிமிடம். நாம் பேசுவதை நாமே பார்த்துக்கொண்டு பேச வேண்டும். அது ஆடி மாதம். தெருமுனை அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் நாள். ஒலிபெருக்கி காலை ஐந்து மணிக்கே தொடங்கிவிட்டது. ஜன்னலைச் சாத்தினேன். மின்விசிறிச் சத்தமும் பதிவாகிறது என்று எச்சரிக்கை வந்ததால் அதையும் நிறுத்தினேன். வியர்வையைத் துடைத்தால் 'முகம் சரியாகத் தெரியவில்லை' என்றது. வியர்வையைத் துடைக்காவிட்டால் எனக்குக் கண் தெரியவில்லை.

எதிரில் இருப்பவர் உம் கொட்டாமல் ஒரு வாக்கியத்தைக்கூட முடித்துப் பழக்கமில்லாத ஊர் எங்களுடையது. போனில் பேசும்போதுகூட 'ம்... ம்...' என்று வந்துகொண்டிருக்க வேண்டும், நின்றுவிட்டால் 'லைனில் இருக்கிறீர்களா?' என்போம். அந்தத் திரை உம் கொட்டவே இல்லை. நான் சொல்வது சரியா, போதுமா, வேறு எதையாவது எதிர்பார்க்கிறதா, ஒன்றும் தெரியவில்லை. ஜி.எஸ்.டி. பற்றி ஒரு கேள்வி கேட்டிருந்தால் பொரிந்து தள்ளியிருப்பேன். 'அடுத்த ஐந்து ஆண்டுகளில் உங்களை எந்த இடத்தில் பார்க்கிறீர்கள்?' என்று கேட்டது. அடுத்த ஐந்து நிமிடத்தில் மின்விசிறிக்கு அடியில் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. 'பொறுப்பான பதவியில்' என்று ஏதோ சொல்லி வைத்தேன். அந்தப் பதிவை மனிதர் யாராவது பார்த்தார்களா என்பதே சந்தேகம்தான்.

இப்போது விண்ணப்பக் கடிதத்தையும் ஏ.ஐ. எழுதித் தருகிறது. என்னுடன் படித்த தோழி அப்படித்தான் அனுப்புகிறாள். வேலை விளம்பரத்தில் உள்ள சொற்களை எல்லாம் பொறுக்கிக் கோத்து, வழவழவென்று ஒரு பக்கம். மறுமுனையில் அதைப் படித்துச் சொற்களைத் தேடிச் சலிப்பதும் மென்பொருள்தான். இரண்டு இயந்திரங்கள் தங்களுக்குள் கடிதப் போக்குவரத்து நடத்துகின்றன, நடுவில் நாங்கள் தபால் தலை ஒட்டுகிறோம் என்று அவள் சொல்வாள். அவளுக்கும் இன்னும் கிடைக்கவில்லை.

மோசடிக்காரர்களுக்கு ஒரு பத்தி போதும். நாம் தளத்தில் போட்ட எண் எப்படியோ அவர்களுக்குப் போய்விடுகிறது. 'உங்கள் சுயவிவரம் தேர்வாகிவிட்டது, பதிவுக் கட்டணம் 1,500 ரூபாய், முதல் மாதச் சம்பளத்தோடு திருப்பித் தரப்படும்' என்று வாட்ஸ்அப்பில் வரும். பெரிய நிறுவனத்தின் சின்னம் இருக்கும், ஆங்கிலத்தில் நாலு எழுத்துப்பிழையும் இருக்கும். வேலை தருபவர் பணம் கேட்டால் அது வேலை இல்லை, அவ்வளவுதான். பணம் போய்விட்டால் இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு உடனே பேசுங்கள், தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கை மாறிக்கொண்டே போகும். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: இந்த மோசடிக்காரர்கள்தான் எனக்கு மிக விரைவாகப் பதில் போட்டவர்கள்.

ஏனென்றால் மற்றவர்களின் மௌனம் அப்படி. தளத்தில் உள்நுழைந்தால் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் எதிரில் ஒரு நிலை காட்டும். 'பெறப்பட்டது', 'பார்க்கப்பட்டது', 'பரிசீலனையில்'. அதற்கு மேல் நகராது. ஒரு நிறுவனத்தில் என் விண்ணப்பம் பரிசீலனையில் இருந்தபோதே அதே வேலை 'புதிது' என்ற முத்திரையோடு மறுபடி விளம்பரத்துக்கு வந்தது. மறுபடி அனுப்பலாம் என்று அழுத்தினால், 'நீங்கள் ஏற்கெனவே விண்ணப்பித்துவிட்டீர்கள்' என்று மடக்கியது. இன்னொரு விளம்பரத்தில் எண் கொடுத்திருந்தார்கள். கூப்பிட்டேன். கன்சல்டன்சிக்காரர் எடுத்தார். "இப்போது வேகன்சி ஒன்றும் இல்லை மேடம். ரெஸ்யூம் சேர்த்து வைப்பதற்காகப் போட்டது," என்று எந்தக் கூச்சமும் இல்லாமல் சொன்னார். இல்லாத வேலைக்கு நான் ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து விண்ணப்பம் எழுதியிருக்கிறேன்.

அப்பா காலத்துக் காத்திருப்பும் நீண்டதுதான். ஆனால் அதில் ஒரு வரிசை இருந்தது. பதிவு மூப்பு என்பார்கள். யார் முன்னால் பதிந்தாரோ அவருக்கு முன்னால் அழைப்பு. வேலைவாய்ப்பு அலுவலகப் பட்டியலோடு நின்றுவிடாமல் செய்தித்தாளிலும் விளம்பரம் செய்து ஆளெடுக்க வேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு அந்த வரிசையின் மதிப்புக் குறைந்துபோனது. அது நியாயமான தீர்ப்பு என்றே நினைக்கிறேன். மெதுவான வரிசை எல்லோருக்கும் நல்லது என்று சொல்ல மாட்டேன். அப்பா அந்த வரிசையில் நின்றபடியேதான் தையல் கற்றுக்கொண்டார். ஆனால் எந்த இடத்தில் நிற்கிறோம் என்றாவது அவருக்குத் தெரிந்திருந்தது.

எங்கள் பெரியப்பா ஒருவர் இருக்கிறார். எப்போது வந்தாலும் "கவர்ன்மென்ட் பரீட்சை எழுதம்மா, இந்த ஆன்லைன் எல்லாம் நமக்குச் சரிப்படாது" என்பார். குரூப் 4 தேர்வுக்கும் ஆன்லைனில்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்று அவரிடம் சொல்லிப் பயனில்லை. 2025 ஜூலை 12 அன்று எழுதினேன். அறிவிப்பில் இருந்தவை 3,935 இடங்கள். விண்ணப்பித்தவர்கள் 13 லட்சத்துக்கும் மேல். கிடைக்கவில்லை. ஆனாலும் பாருங்கள், நுழைவுச்சீட்டு வந்தது, வினாத்தாள் இருந்தது, விடைக்குறிப்பு வந்தது, மாநில அளவில் என் தரவரிசை எண் வந்தது. நான் எத்தனையாவது ஆள் என்று அவர்கள் எனக்குச் சொன்னார்கள். லட்சக்கணக்கானவர்களுக்குச் சொல்ல முடிகிறது. ஒரே ஓர் அக்கவுன்ட்ஸ் அசிஸ்டென்ட் வேலைக்கு விண்ணப்பித்தவர்களிடம் 'ஆள் எடுத்தாயிற்று' என்று இரண்டு சொல் சொல்ல மற்றவர்களுக்கு ஏன் முடியவில்லை? விண்ணப்பம் பெற்றதும் நன்றி சொல்லும் கடிதம் ஒரு நொடியில் தானாக வருகிறது. அதே இயந்திரத்துக்கு 'இல்லை' என்று எழுதவும் தெரியும்.

போன மாதம் துணிந்து ஆடிட்டரிடம் அனுபவச் சான்றிதழ் கேட்டேன். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "எங்கே போகப் போகிறாய்?" என்றார். "எங்கேயும் கிடைக்கவில்லை சார், அதனால்தான் கேட்கிறேன்," என்றேன். அதிலிருந்த தர்க்கம் அவருக்குப் பிடித்திருக்க வேண்டும். "நீயே டைப் பண்ணிக் கொண்டுவா, கையெழுத்துப் போடுகிறேன்," என்றார்.

டைப் செய்யும்போதுதான் எனக்குப் பதவியே கிடையாது என்பது தெரிந்தது. அலுவலகத்தில் என்னை எல்லோரும் 'பாப்பா' என்பார்கள். 'ஜூனியர் அக்கவுன்டென்ட்' என்று அடித்தேன். செய்த வேலைகளை ஒவ்வொன்றாக எழுதினேன்: ஜி.எஸ்.டி. ரிட்டர்ன்கள், வங்கிக் கணக்கைச் சரிபார்த்தல், டி.டி.எஸ்., வரி வீத மாற்றம். எழுதி முடித்துப் படித்தபோது யாரோ கெட்டிக்காரியின் சான்றிதழ்போல் இருந்தது. ஆடிட்டர் வரிவரியாகப் படித்தார், டி.டி.எஸ். வரியில் 'உதவியாளராக' என்று சேர்த்தார், நியாயம்தான். பிறகு 'ஜூனியர்' என்பதை அடித்துவிட்டார். "மூன்று வாடிக்கையாளர்களின் கணக்கை நீதானே தனியாகப் பார்க்கிறாய்?" என்றார். அன்று முழுக்க எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த முதல் தேதியில் சம்பளம் உறையில் வரவில்லை, வங்கிக் கணக்கில் வந்திருந்தது. தொகை அதேதான்.

அந்தச் சான்றிதழை ஏற்றிய பிறகு இரண்டு நிறுவனங்கள் மனிதர்களை வைத்தே பேசின. ஒருவர் 3பி-யையும் ஜி.எஸ்.டி.ஆர்-1ஐயும் ஒப்பிட்டு வித்தியாசம் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். வேலை தேடத் தொடங்கியதிலிருந்து என் வேலையைப் பற்றி என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி அது. பதில் இன்னும் வரவில்லை. அந்த நிறுவனம் மதுரையில் இருப்பதால் நேரிலேயே போய்க் கேட்கலாமா என்று அப்பாவும் நானும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

இதைப் படிப்பவர்களில் பெரிய நிறுவனத்து ஆட்கள் இருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. கடை வைத்திருப்பவர்கள், சின்ன அலுவலகம் நடத்துபவர்கள் இருக்கலாம். உங்களிடம் ஒரு பெண்ணோ பையனோ வேலை கற்றுக்கொண்டிருந்தால், சம்பளத்தை வங்கியில் போடுங்கள். சேர்ந்த தேதியைப் போட்டு ஒரு கடிதம் கொடுங்கள், அதில் அவர்களுக்கு ஒரு பதவியும் எழுதுங்கள். கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். எனக்குக் கேட்பதற்கே ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆயிற்று.